ஹார்ட்பிளீடு வெளியான அந்த வாரம்

நிரலாளராக ஆறாண்டுகள் சி மொழியில் எழுதிய பிறகே பிணையப் பாதுகாப்புப் பணிக்கு மாறினேன். இனி ஃபயர்வால் விதிகளும் லாக் கோப்புகளும்தான் வேலை, நிரலோடு இருந்த தொடர்பு முடிந்தது என்று எண்ணியிருந்தேன். 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீடு என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோது அந்த எண்ணம் மாறியது.

இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்ய மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த பிழை அது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு முனை சிறு செய்தியொன்றை அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பியனுப்ப வேண்டும். அனுப்பியவர் குறிப்பிட்ட நீளத்தை, உண்மையில் வந்து சேர்ந்த நீளத்தோடு ஒப்பிடாமலேயே அந்த நிரல் நம்பியதால், ஒரு பைட்டை அனுப்பி 64 கிலோபைட் என்று குறிப்பிட்டவருக்கு, நினைவகத்தில் அருகே இருந்த கடவுச்சொற்களும் சில வேளைகளில் சர்வரின் ரகசியச் சாவியும்கூடச் சென்றுவிடும். வழக்கமான லாக் கோப்புகளில் இதற்குத் தடயமே இருக்காது. திருத்தத்தின் சாரம் ஒரு நீள ஒப்பீடுதான். அத்தகைய ஒப்பீட்டை என் பழைய நிரல்களில் எங்கேனும் விட்டிருக்கிறேனா என்று அன்றிரவே தேடினேன், ஓரிடத்தில் விட்டிருந்தேன்.

எல்லாச் சர்வர்களிலும் புதிய பதிப்பை நிறுவியாயிற்று என்று மறுநாள் குழுவில் அறிவித்தார்கள். ஐயம் தீராமல், நீளத்தைப் பொய்யாகக் குறிப்பிடும் அத்தகைய சிறு செய்தியை அனுப்பிப் பார்க்கும் நிரலொன்றை எழுதி எங்கள் சர்வர்களைச் சோதித்தேன். இரண்டு சர்வர்கள் இன்னும் கசிந்துகொண்டிருந்தன. வட்டில் புதிய கோப்பு இருந்தபோதிலும், மறுதொடக்கம் செய்யப்படாத வலைச் சேவை பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்து இயங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிரல் தன் நூலகங்களை எப்போது ஏற்றுகிறது என்பதை அறிந்திருந்ததால்தான் காரணம் உடனே புலப்பட்டது. இத்துறைக்கு வர விரும்புவோரிடம் முதலில் நிரல் எழுதப் பழகுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதன்பின் புதிய சாவிகளை உருவாக்கி, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களை மாற்றி, பழையவற்றை ரத்துசெய்ய நான்கு நாட்கள் ஆயின. அவை முடிந்த பிறகே பயனர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொன்னோம். முன்னதாகச் சொல்லியிருந்தால், புதிய கடவுச்சொல்லும் அதே ஓட்டை வழியாகவோ, கசிந்திருக்கக்கூடிய பழைய சாவி வழியாகவோ வெளியேறியிருக்கக்கூடும்.