"வெளியூர்க்காரன் வந்துட்டான்" என்று பயமுறுத்தி ஓட்டுக் கேட்பது: வகுப்பில் எப்படிப் பிரித்துக் காட்டலாம்?

புதுவயல் மீனா

காரைக்குடியில் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் 40 பேருக்கு வாக்காளர் வகுப்பு ஒன்று திட்டமிடுகிறோம். இரண்டு மணி நேரம். ஒரு இனத்தையோ வேறு மாநிலத்தாரையோ காட்டிப் பயமூட்டி ஓட்டு வாங்கும் பிரச்சாரம் எப்படித் தயாராகிறது என்பதுதான் பொருள். "வெறுப்பு தப்பு, ஒற்றுமை நல்லது" என்று பேசினால் பத்தாவது நிமிஷமே எல்லாரும் போனுக்குள் போய்விடுவார்கள். பொம்மையைக் கழற்றுவது மாதிரி ஒன்றைக் கழற்றிக் காட்டணும்.

எதை எடுக்கலாம்? செட்டிநாட்டுக்கு நெருக்கமாக ஏதாவது உண்டா? அப்புறம், தேர்தல் சமயத்தில் இப்படி ஒரு ஃபார்வர்டோ துண்டறிக்கையோ கைக்கு வந்தால் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது? விவரமாக வேண்டும்.

கோட்டையூர் பேரேடு

ஒன்றே ஒன்றை எடுத்து முழுசாக் கழற்றுங்க. என் தேர்வு, 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில், புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸுக்கு எதிராக வந்த 30 விநாடி டிவி விளம்பரம். இதில் எல்லா ஒட்டும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் உண்மையைச் சொல்லிடுங்க. மாசசூசெட்ஸில் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுக்கும் திட்டம் இருந்தது. கொலைக்காக ஆயுள் தண்டனையில் இருந்த வில்லியம் ஹார்ட்டன் 1986 ஜூனில் விடுப்பில் போய்த் திரும்பவில்லை. 1987 ஏப்ரலில் மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஆணைக் கத்தியால் கிழித்தார், பெண்ணை வன்புணர்ந்தார். டுகாகிஸ் அப்போது அந்த மாநில ஆளுநர். முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு இந்த விடுப்பு கூடாது என்ற மசோதாவை 1976-ல் தடுத்தவரும் அவரே. இதை மறைத்துவிட்டு ஆரம்பித்தால் பின்வரிசையில் ஒருவன் போனில் தேடி எடுத்துவிடுவான், அதற்குப் பிறகு நீங்க சொல்வது எதுவும் எடுபடாது.

இனி ஒட்டுப் போட்ட இடங்கள். ஹார்ட்டன் கறுப்பர், தாக்கப்பட்டவர்கள் வெள்ளையர். விளம்பரத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது. காவல்துறைப் படம் மட்டும் திரையில் நிற்கும். பேச்சில் இல்லாததைப் படம் சொல்லும், கேட்டால் "நாங்கள் குற்றத்தைப் பற்றித்தானே பேசினோம்" என்று ஒதுங்கிக்கொள்ளலாம். பெயரும் மாறியது. வில்லியம் "வில்லி" ஆனார்.

மூன்றாவது ஒட்டு எண், இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும். புஷ் பிரச்சாரக் குழு அக்டோபரில் தனியாக வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு சுழல்கதவு வழியாகக் கைதிகள் போய்ப் போய் வருவார்கள். கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பு கொடுத்ததைப் பேசும்போதே "268 பேர் தப்பினர்" என்ற எழுத்து வரும். பார்ப்பவர் மனசு 268 கொலைகாரர் என்று கூட்டிக்கொள்ளும். அந்த 268, பத்து வருஷத்தில் விடுப்பில் போன எல்லா வகைக் கைதிகளிலும் தப்பியவர்கள். விடுப்பில் போனவர்கள் மொத்தம் 11 ஆயிரத்துக்கு மேல். தப்பியவர்களில் முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகள் 4 பேர். இந்த மூன்று எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

நான்காவது, விட்டுப்போன வரி. அந்தத் திட்டத்தை 1972-ல் கொண்டுவந்தவர் புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் சார்ஜென்ட். ரீகன் ஆளுநராக இருந்த கலிபோர்னியாவிலும் இப்படி ஒரு திட்டம் இருந்தது. டுகாகிஸ் 1988 ஏப்ரலிலேயே கொலைக் குற்றவாளிகளுக்கான விடுப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டார். விளம்பரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஐந்தாவது, கை. ஹார்ட்டன் படத்தைப் போட்டது தனி அமைப்பு. சுழல்கதவைப் போட்டது வேட்பாளரின் குழு. முகத்தை ஒருவர் பதிய வைக்க, முகமே காட்டாமல் இன்னொருவர் அதை நினைவூட்டினார். வேட்பாளர் கையில் அழுக்குப் படவில்லை. இன்றைக்கு "ரசிகர் பக்கம்", "நண்பர்கள் குழு" என்ற பெயரில் நடப்பதும் இதேதான், அதனால் இந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பேசுங்க. புஷ்ஷின் பிரச்சார மேலாளர் லீ அட்வாட்டர் 1991-ல் சாவதற்கு முன் இந்த விஷயத்தில் தான் காட்டிய கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டார் என்பதையும் ஒரு வரி சொல்லலாம். அதற்குள் தேர்தல் முடிந்து இரண்டு வருஷம் போயிருந்தது.

தேவகோட்டை ரஸ்தா

மீனா ஆச்சி, செட்டிநாட்டுக்கு நெருக்கமானது பர்மாதான். இன்றைக்குத் தளம் ஒட்டவும் ஓட்டல் வேலைக்கும் வருகிற ஹிந்திக்காரப் பையனைப் பற்றி இங்கே எதெல்லாம் பேசப்படுகிறதோ, அதெல்லாம் 1930-களில் ரங்கூனில் நம்ம ஆட்களைப் பற்றிப் பேசப்பட்டது. நிலத்தைப் பிடுங்குகிறான், கூலியைக் கெடுக்கிறான், நம்ம ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான்.

பேரேடு அண்ணன் சொன்ன எண் விளையாட்டு அங்கே வேறு மாதிரி நடந்தது. எண் சரி, காரணத்தைத்தான் கத்தரித்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்திருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். இதை மட்டும் மேடையில் சொன்னால் திட்டம் போட்டுப் பிடுங்கியது போலத்தான் தெரியும். நடுவில் நடந்தது உலகப் பெருமந்தம். 1930-31-ல் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர் கட்ட முடியவில்லை, அடமான நிலம் ஈடாக வந்து சேர்ந்தது. வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியாரின் லேவாதேவிக் கடைக்கு வேண்டியது முதலும் வட்டியும். நிலம் என்றால் பணம் முடங்கிப்போச்சு என்று அர்த்தம். ஊரில் முதல் போட்டவர்களுக்கு, அங்கே கடையை நடத்திய மேலாள் என்ன பதில் எழுதுவார்?

அதே சமயம் பர்மிய விவசாயியின் இழப்பும் நிஜம். உழுத நிலம் போய்க் குத்தகைக்காரன் ஆனான். இதைச் சொல்லாமல் விட்டால் வகுப்பு நம்ம பெருமைக் கூட்டமாக, இல்லை அழுகைக் கூட்டமாகப் போய்விடும். பயப் பிரச்சாரம் எப்போதும் ஒரு நிஜமான வலியின் மேல்தான் ஏறி உட்காரும். வலிக்குக் காரணம் விலைச் சரிவும் கடன் முறையும். விரல் நீண்டது ஆளை நோக்கி.

அடுத்து, குறி இடம் மாறுவதைக் காட்டுங்க. 1938 ஜூலை 26-ல் ரங்கூன் ஷ்வேடகன் பகோடாவில் ஒரு கண்டனக் கூட்டம் நடந்தது. பௌத்தத்தை இழிவாக எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு பழைய புத்தகம் மறுபடி அச்சானதை எதிர்த்துத்தான் கூட்டம். அங்கிருந்து கலவரம் பரவியது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்திய முஸ்லிம்கள், சின்னக் கடைக்காரர்கள். நிலம் அவர்களிடம் இல்லை. "இந்தியன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிய பிறகு கடன் கொடுத்தவன் யார், டீக்கடை வைத்தவன் யார் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விசாரணைக் குழு பத்திரிகைகளின் பங்கைக் கடுமையாகச் சுட்டியது. அடுத்த பிப்ரவரியில் பர்மியப் பிரதமர் பா மாவின் அமைச்சரவை கவிழ்ந்தது.

பிறகு 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம், 1962-க்குப் பிறகு நெ வின்னின் ராணுவ ஆட்சியில் கடைகளும் போயின. கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறது. பிள்ளைகள் தினம் அந்தப் பக்கம் போகிறவர்கள்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. அந்தக் காலக் குற்றச்சாட்டுகளை நான்கு அட்டையில் எழுதுங்க. "இந்தியன்", "செட்டி" என்று வரும் இடத்தில் எல்லாம் "வெளியூர்க்காரன்" என்று போடுங்க. எந்த ஊரில், யாரைப் பற்றிச் சொன்னது என்று எழுதச் சொல்லி, எல்லாரும் எழுதி முடித்த பிறகுதான் விடையைச் சொல்லணும். நேரம் இருந்தால் 1966 பம்பாயையும் சேர்க்கலாம்: பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், நிறுவனங்களில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டது. பெயர் எல்லாம் உண்மை. மொத்தம் எத்தனை பேரில் இத்தனை பேர் என்பது மட்டும் இராது.

திருப்பத்தூர் ரோடு வக்கீல்

சட்டப் பக்கம் சொல்கிறேன். இங்கேதான் பல புகார்கள் முதல் படியிலேயே விழுகின்றன.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3-ஏ): மதம், இனம், சாதி, சமூகம், மொழி அடிப்படையில் குடிமக்களின் வகுப்புகளுக்குள் பகை மூட்டுவது ஊழல் நடவடிக்கை. ஆனால் செய்தவர் வேட்பாளராகவோ அவருடைய ஏஜெண்டாகவோ இருக்கணும், அல்லது வேட்பாளரின் அல்லது அவருடைய தேர்தல் ஏஜெண்டின் சம்மதத்தோடு வேறு யாராவது செய்திருக்கணும். பேரேடு சொன்ன "ஐந்தாவது கை" இந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கிறது. இதற்குத் தேர்தல் மனுதான் வழி. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில், வேட்பாளரோ அந்தத் தொகுதி வாக்காளரோ போடணும்.

பிரிவு 125-க்குச் சம்மதம் தேவையில்லை. தேர்தலை ஒட்டி இப்படிப் பகை மூட்டும் எவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை.

இந்த இரண்டிலும் "பிறந்த இடம்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்க. "பீகாரிகளை விரட்டுவோம்" என்ற துண்டறிக்கையில் இனம், மொழி என்று பிடித்து வாதாடலாம், ஆனால் எதிர்த்தரப்பு முட்டுக்கட்டை போடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 196-ல் பிறந்த இடமும் வசிப்பிடமும் எழுத்திலேயே இருக்கின்றன. அதனால் புகாரில் 125-ஐயும் 196-ஐயும் சேர்த்தே கேளுங்க. வதந்தி என்றால் 353-ம். 196-ல் ஒரு சிக்கல், நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். பல வழக்குகள் அங்கேதான் தூங்குகின்றன.

துண்டறிக்கை என்றால் முதலில் அடிப்பக்கம் பாருங்க. பிரிவு 127-ஏ படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கணும். இல்லையென்றால் அதுவே குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளடக்கத்தைப் பற்றி யாரும் வாதாட வேண்டாம், தாளே சாட்சி. இவ்வளவு எளிய பிரிவை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜில் மேடைப் பேச்சுக்கும் சுவரொட்டிக்கும் நல்லது. அந்த இடத்திலேயே நின்று படமோ இரண்டு நிமிஷத்துக்குள் வீடியோவோ எடுக்கணும். 100 நிமிஷத்தில் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. கேலரியில் கிடக்கும் பழைய வீடியோவை ஏற்ற முடியாது. ஆக, வாட்ஸாப் ஃபார்வர்டுக்கு அது உதவாது. அதை மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும், அதாவது கலெக்டருக்கும், தொகுதித் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்க.

ஃபார்வர்டை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு அழித்துவிடாதீங்க. மூலக் கோப்பு அந்தப் போனிலேயே இருக்கட்டும். வந்த குழு, அனுப்பிய எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி இன்னொரு போனில் திரையை வீடியோ எடுத்து வையுங்க. வழக்கு என்று போனால் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண்ணும் எழுதணும். கோப்பு மாறினால் அந்த மதிப்பும் மாறிவிடும்.

பள்ளத்தூர் 630107

மேலே எல்லாரும் சொன்னது சரி, ஒன்று மட்டும் எச்சரிக்கை. மறுப்பு வீடியோ செய்கிறோம் என்று பொய் வீடியோவையே முதல் பத்து விநாடி ஓட்டாதீங்க. பார்க்கிறவர் அதோடு நிறுத்திவிட்டு அதையே அனுப்புவார். நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லணும், பிறகு பொய்யை ஒரு வரியில், கடைசியில் மறுபடி நடந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பரவியது நினைவிருக்கும். வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்களின் வீடியோக்களைத் தமிழ்நாடு என்று ஒட்டியிருந்தார்கள். இங்கே தமிழர்தான் பயமுறுத்தும் முகம். பீகார் சட்டமன்றம் வரை போனது, அந்த அரசு குழு அனுப்பி விசாரித்தது. தமிழகக் காவல்துறையின் மறுப்பில் ஹிந்தியும் இருந்தது. பயந்தவன் எந்த மொழியில் பயந்தானோ அந்த மொழியில் மறுப்புப் போகணும்.

செய்முறைக்கு: வீடியோவை ஒலி இல்லாமல் ஓட்டுங்க. பின்னணி இசையும் குரலும் போன உடனே பாதிப் பயம் இறங்கிவிடும். கடைப் பலகை, வண்டி நம்பர், காவலர் சீருடை தெரியும் மூன்று நான்கு சட்டகங்களை நிறுத்திப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்க. வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள்.

புதுவயல் மீனா

ரொம்ப நன்றி. 1988-க்கு 45 நிமிஷம், பர்மா அட்டைக்கு 30, வீடியோ செய்முறை 20, புகார் 15, மிச்சம் கேள்விக்கு. ஹார்ட்டன் படத்தைத் திரையில் காட்டலாமா? புகார் எண் 1930 என்று தாளில் அச்சடிக்கலாமா?

கோட்டையூர் பேரேடு

படம் வேண்டாம். அந்த இடத்தில் வெறும் சாம்பல் கட்டம் போட்டு விளம்பரத்தின் சொற்களை மட்டும் படித்துக் காட்டுங்க. அப்புறம் "இதில் பயம் எங்கே இருக்கிறது" என்று கேளுங்க. சொற்களில் இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

திருப்பத்தூர் ரோடு வக்கீல்

1930 பண மோசடிக்கான சைபர் எண் ஆச்சி. தேர்தலுக்கு 1950. அதுவும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்குத்தான். மாநகராட்சி, ஊராட்சித் தேர்தல் என்றால் மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கு சி-விஜிலும் கிடையாது, நான் சொன்ன 1951 சட்டமும் பொருந்தாது, சன்ஹிதாப் பிரிவுகள் நிற்கும். தாளில் இரண்டையும் தனித்தனிக் கட்டமாகப் போடுங்க.