கூட்டுப் பேரமா, கூலியாடலா?

பாளையங்கோட்டை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குத் தொழிலாளர் சட்டக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வியாழன் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். தொழிலாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து முதலாளியோடு கூலி பேசி முடிப்பதை ஆங்கிலத்தில் 'கலெக்டிவ் பார்கெய்னிங்' என்பார்கள். அது வரும் இடத்தில் சங்கங்கள் எழுதுகிறபடி 'கூட்டுப் பேரம்' என்றே போட்டிருந்தேன். ஞாயிறு வகுப்பில் வாசித்ததும், மடியில் சுளகோடு இருந்த ஓர் அம்மா, "பேரம் பேசுதது கருவாட்டுக்காரிகிட்டல்லா டீச்சர்? கம்பெனிக்காரங்கிட்ட நாம என்னத்த விக்கோம்?" என்றார். ஒரே சிரிப்பு. அடுத்த பக்கத்தில் 'ஒப்பந்தம்' வந்தது. "அப்போ நம்மள காண்ட்ராக்டுல விட்டுருவாவளா?" என்று இன்னொருவர் பயந்துவிட்டார். இரண்டுக்கும் நல்ல சொல் வேண்டும்.

தென்காசி, செவ்வாய் காலை

பேரம் தமிழே அன்று. வியாபாரம் தெலுங்கில் தேய்ந்து 'பேரமு' ஆகி இங்கே வந்தது என்பது என் துணிபு. நம்மிடம் கூலி இருக்கிறது. கூலமாக, அதாவது தானியமாக, அளந்து கொடுத்ததால் கூலி. வள்ளுவரே 'மெய்வருத்தக் கூலி தரும்' என்கிறார். சொல்லாடல், உரையாடல், வழக்காடல் எல்லாம் இருவர் எதிரெதிர் நின்று செய்பவை. அந்த ஆடலைக் கூலியோடு சேருங்கள்: கூலியாடல். ஒப்பந்தத்துக்கு 'உடன்பாடு' போதும்.

செங்கோட்டை, செவ்வாய் பகல்

ஐயா, நீராடல் என்றால் நீரில் ஆடுவது. கூலியாடல் என்றால் கூலி வாங்கின அன்று ஆடுவது என்று எங்கள் ஊரில் அர்த்தம் பண்ணிவிடுவார்கள். மன்றாடலையும் நினைத்துப் பாருங்கள். மன்றத்தில் நின்று வழக்கைச் சொல்வதுதான் மன்றாடல். இன்று அது கெஞ்சலாகிவிட்டது. 'ஆடல்' எதிலே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது, அதனால் ஒரு மலையாளக் குறிப்பு: மலைக்கு அந்தப் பக்கம் 'விலபேசல்' என்கிறார்கள். அழகான சொல். ஆனால் தமிழில் 'விலைபேசிவிட்டார்கள்' என்றால் சங்கத் தலைவரையே வாங்கிவிட்டதாக ஆகிவிடும்!

விக்கிரமசிங்கபுரம், செவ்வாய் இரவு

டீச்சர், அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நாம விற்கத்தான் செய்கிறோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஒரு நாள் பாட்டை விற்கிறோம். தனியாகப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. முகம் சுளித்தால் இலையும் தூளும் அடுத்த வீட்டுக்குப் போயிரும். தெருவே சேர்ந்து ஒரே விலை சொன்னால் அந்த இலையை அவர் எங்கே கொண்டு போவார்? படியாவிட்டால் எழுந்து போகலாம் என்பது பேரத்தில்தான் உண்டு. 'பேச்சுவார்த்தை' என்று என்னைக் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது தூத்துக்குடி நம்ம ஜில்லா. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல்தான் வந்தது. சட்டமும் இல்லை, சொல்லும் இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். பேரத்தைக் கேவலம் என்று சொல்லாதீங்க அண்ணாச்சி.

திருநெல்வேலி சந்திப்பு, புதன் காலை

வக்கீலாக ஒரு வார்த்தை. பேரமும் பேச்சும் இரண்டுமே வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, அங்கீகரித்த சங்கத்தோடு நல்லெண்ணத்தோடு கூட்டாகப் பேரம் பேச மறுப்பதை நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்றது. அதன் இடத்தில் வந்த 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலோ 'நெகோஷியேட்டிங் யூனியன்' வருகிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு ஆதரவு உள்ள சங்கம்தான் அது. அதைப் 'பேச்சு நடத்தும் சங்கம்' என்றுதான் எழுத முடியும்.

'உடன்பாடு' எனக்குச் சம்மதம். ஆனால் ஆலை வாசலில் 'பன்னிரண்டு-மூணு ஒப்பந்தம்' என்றால்தான் தெரியும். 1947 சட்டத்தின் 12(3)-ஆம் பிரிவுப்படி சமரச அலுவலர் முன்னால் போடுவது அது. கையெழுத்துப் போடாதவரையும் நாளைக்கு வேலைக்குச் சேருகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் தாங்களே போட்டுக்கொள்ளும் 18(1)-ஆம் பிரிவு ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். புதுத் தொகுப்பில் எண் மாறினாலும் வாய் மாறாது.

சுரண்டை, புதன் பகல்

எல்லாம் சரி, கருவாட்டில் 'கரு' என்ன? கருமையா, கருகலா? வாடு விளங்குகிறது.

பாளையங்கோட்டை, புதன் இரவு

கருவாட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், கும்பிடுகிறேன். நாலு பேர் 'பேரம்', ஒருவர் 'கூலியாடல்', மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நானும் போகிறேன். தலைப்பில் 'சேர்ந்து கூலி பேசுதல்', உள்ளே 'கூட்டுப் பேரம்'. விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சி சொன்ன இலை, தூள் கணக்கை அப்படியே பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன். 'உடன்பாடு' வரும் முதல் இடத்தில் 'பன்னிரண்டு-மூணு' என்று அடிக்குறிப்பு.

தென்காசி, வியாழன் விடியல்

என் மறுப்பைப் பதிந்துகொள்க. அந்நியச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்தாயிற்று. எழுதுவதையாவது ஒழுங்காக எழுதுங்கள்: நடுவே 'ப்' போட மறக்க வேண்டாம். சுவரொட்டி எல்லாவற்றிலும் 'கூட்டு பேரம்' என்றே காண்கிறேன். அச்சுப்படியை எனக்கு அனுப்பினால் ஆறு மணிக்குள் பார்த்துத் தருகிறேன்.