ஆபீஸ் நெட்வொர்க்கில் மட்டும் பைதான் ஸ்கிரிப்டுக்குச் சான்றிதழ் பிழை, பிரவுசரில் எல்லாம் சரி

புதுக்கணக்கு:
வணக்கம். விண்டோஸ் 11 ஆபீஸ் லேப்டாப், பைதான் 3.12. பேமென்ட் கேட்வேயிலிருந்து முந்தைய நாள் வரவை எடுத்து, கிட்ஹப்பில் (கோடும் ஃபைலும் சேமிக்கும் தளம்) இருக்கும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு எக்செல் ஆக்கும் சின்ன ஸ்கிரிப்ட். வீட்டு வைஃபையில் ஓடுகிறது. ஆபீஸில் கேட்வே வரை சரி, கிட்ஹப் போனதும் ‘செல்ஃப் சைன்டு சர்டிபிகேட் இன் சர்டிபிகேட் செயின்’ என்று நின்றுவிடுகிறது. அதே முகவரி குரோமில் திறக்கிறது. பக்கத்து சீட்காரர் ‘வெரிஃபை ஃபால்ஸ் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு’ என்கிறார். சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் அமைப்பு அது. போட்டால் ஓடுகிறதுதான், ஆனால் கேட்வேக்குள் நுழையும் ரகசியச் சாவியும் இதே ஸ்கிரிப்டில் போவதால் மனசு ஒப்பவில்லை.

கேபிள்_அண்ணாச்சி:
முதலில் அந்த ஃபால்ஸை எடுங்கள் தம்பி. லேப்டாப்பை வெளியே கொண்டுபோய் ஏதாவது ஓசி வைஃபையில் ஓட்டினால், நடுவில் யார் உட்கார்ந்திருந்தாலும் சாவியைக் கொடுத்துவிடும்.

உங்கள் ஆபீஸ் ஃபயர்வால் எச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கிறது போலிருக்கிறது. கிட்ஹப்புக்கு என்று நீங்கள் போடும் இணைப்பு ஃபயர்வாலோடு முடிந்துவிடும். அது தனியாகக் கிட்ஹப்போடு இன்னொரு இணைப்பு போட்டுக்கொள்ளும். உங்களிடம் கிட்ஹப் பெயரில் தானே தயாரித்த சான்றிதழை நீட்டும், கையெழுத்து கம்பெனி சிஏவுடையது (சிஏ என்றால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு). அந்த சிஏவின் ரூட் சான்றிதழை, அதாவது மற்றவற்றை நம்ப அடிப்படையான சான்றிதழை, ஐடிக்காரர்கள் குரூப் பாலிசி (எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு அனுப்பும் வசதி) வழியாக எல்லா விண்டோஸிலும் ஏற்றியிருப்பார்கள். குரோம் அதை மதிக்கும், சத்தம் போடாது. பைதானில் இணையத்தோடு பேசும் ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜ் விண்டோஸ் பட்டியலைத் திரும்பியே பார்க்காது. சர்டிஃபை என்ற பேக்கேஜில் வரும் மொஸில்லா பட்டியல்தான் அதற்கு வேதம்.

குரோமில் முகவரிக்கு இடப்பக்கக் குறியை அழுத்திச் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள்.

புதுக்கணக்கு:
கிட்ஹப்புக்கு எங்கள் கம்பெனி பெயரே போட்டிருக்கிறது! ஆனால் என் வங்கித் தளத்துக்கு டிஜிசர்ட் என்ற வெளி சிஏ பெயர் வருகிறது. அப்படியென்றால் மற்றதையெல்லாம் படிக்கிறார்களா அண்ணா?

கேபிள்_அண்ணாச்சி:
பிரிக்கும் தளங்களில் படிக்க முடியும். முழு முகவரி, தட்டிய பாஸ்வேர்டு, ஏற்றிய ஃபைல் எல்லாம். பெரும்பாலும் வைரஸும் ஃபைல் கசிவும் தேடத்தான் வைக்கிறார்கள், யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. வங்கி, மருத்துவம் போன்றவற்றை வழக்கமாக விலக்கி வைப்பார்கள். அங்கே எந்தத் தளம் என்பதோடு சரி. சொந்த மெயிலை போன் டேட்டாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தீர்வு. விண்டோஸ் சான்றிதழ் மேலாளரில் ‘டிரஸ்டட் ரூட்’ பகுதியில் கம்பெனி சான்றிதழ் இருக்கும். அதை பேஸ்-64 வடிவில் எக்ஸ்போர்ட் செய்து, ‘ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள். ஐடியிடமே கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை மட்டும் ஏற்றாதீர்கள். ரூட்டின் ரகசிய சாவி வைத்திருப்பவன் எந்தத் தளமாகவும் வேஷம் போடலாம். லெனோவா லேப்டாப்புகளில் முன்பே ஏற்றி வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் 2015இல் அப்படித்தான் மாட்டியது: எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி, அதுவும் வெளியே வந்துவிட்டது.

புதுக்கணக்கு:
செய்தேன், கிட்ஹப் வந்துவிட்டது. இப்போது இதுவரை ஓடிய கேட்வே படுத்துவிட்டது! ‘அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூவர் சர்டிபிகேட்’ என்கிறது.

இரவு_ஷிஃப்ட்:
அந்த வேரியபிள் பழைய பட்டியலோடு சேர்க்காது, அதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். உங்கள் ஃபைலில் கம்பெனி சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. கேட்வே விலக்குப் பட்டியலில் இருப்பதால் அதன் அசல் சான்றிதழ் வருகிறது, அதை நம்ப ஆள் இல்லை. சர்டிஃபையின் பெம் ஃபைலை (அதன் பட்டியல் இருக்கும் ஃபைல்) பிரதி எடுத்து, கடைசியில் கம்பெனி சான்றிதழை ஒட்டி, அந்தப் பிரதியைக் காட்டுங்கள். சர்டிஃபைக்குள்ளேயே ஒட்டினால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை, ‘நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ்’ இருப்பதோடு சேர்க்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராம் தனிப்பெட்டியாக ஓடும் சூழல்) மறுபடி தனியாக ஏற்ற வேண்டும், வெளியே இருப்பது உள்ளே தெரியாது.

புதுக்கணக்கு:
ஒட்டியதும் இரண்டும் ஓடுகின்றன, நன்றி. ஆனால் அதே ஃபைலைக் கொடுத்தும் டீமில் ஒருவருக்கு ‘மிஸ்ஸிங் அத்தாரிட்டி கீ ஐடென்டிஃபையர்’ வருகிறது. அவரிடம் பைதான் 3.13.

இரவு_ஷிஃப்ட்:
2024 அக்டோபரில் வந்த 3.13 முதல், பைதான் சான்றிதழ் விதிகளைக் கறாராகப் பார்க்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் உள்ளே பயன்படுத்தும் யுஆர்எல்லிப்3 பேக்கேஜின் 2.4 முதல் ரிக்வெஸ்ட்ஸுக்கும் அதே கறார். யார் கையெழுத்திட்டது என்பதைச் சொல்லும் அந்தப் புலம் ஃபயர்வால் தரும் சான்றிதழில் இல்லை. பிரவுசர்கள் கண்டுகொள்வதில்லை, அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரிந்திருக்காது. ஃபயர்வால் பக்கம் சரிசெய்ய வேண்டிய விஷயம் இது, டிக்கெட் போடுங்கள். அதுவரை அவர் 3.12இல் இருக்கலாம். இல்லை, டிரஸ்ட்ஸ்டோர் பேக்கேஜ் போட்டால் சரிபார்ப்பை விண்டோஸிடமே விட்டுவிடும். நான் அதைத்தான் சொல்வேன், ஃபைல் ஒட்டும் வேலையும் மிச்சம்.

கேபிள்_அண்ணாச்சி:
டிக்கெட்டில் அந்த ரூட்டின் காலாவதித் தேதியையும் கேட்டு வையுங்கள் தம்பி. புது ரூட் வரும் நாளில் விண்டோஸ் தானாக மாறிக்கொள்ளும், நீங்கள் ஒட்டிய பிரதி மாறாது.