டிஎக்ஸ் ஸ்பைடர் வடிகட்டிக் கட்டளை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். முற்றத்துத் தென்னைக்கும் வேலிப் பூவரசுக்கும் இடையே இழுத்துக் கட்டிய கம்பி அன்டெனாவில் இரவு நேரங்களில் அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் அலைவரிசையில் மோர்ஸ் கேட்பது என் வழக்கம்.

எந்த நிலையம் எந்த அதிர்வெண்ணில் கேட்கிறது என வானொலி ஆர்வலர்கள் இடும் அறிவிப்புகளை (ஸ்பாட்ஸ்) பகிரும் மென்பொருளான டிஎக்ஸ் ஸ்பைடர் இயங்கும் கணுவில் (சேவையகத்தில்) நுழைந்தால் ஐரோப்பியர் இடுபவையே திரையை நிறைப்பதால், வானொலி ஆர்வலர்கள் உலகைப் பிரித்துள்ள வலயங்களில் (சிக்யூ ஸோன்) இலங்கை அடங்கும் 22ஆம் வலயத்திலும் அந்தமானும் தாய்லாந்தும் அடங்கும் 26ஆம் வலயத்திலும் இருந்து வருபவற்றை மட்டும் பெற 'அக்செப்ட்/ஸ்பாட்ஸ் பை_ஸோன் 22,26' என்று கொடுத்தேன். நன்றாகவே வேலை செய்தது. பின்னர் 7000 முதல் 7040 கிலோஹேர்ட்ஸ் வரை மட்டும் பெற 'அக்செப்ட்/ஸ்பாட்ஸ் ஆன் 7000/7040' என்றதும் முந்தைய வரி அழிந்துவிட்டது. வரி எண் கொடுக்காவிட்டால் எதுவும் 1ஆம் வரியிலேயே பதிவாகும் என்பது 'ஷோ/ஃபில்டர்' பார்த்த பின்னரே விளங்கியது. 1, 2 எனப் பிரித்துக் கொடுத்தாலோ, இரண்டில் ஒன்று பொருந்தினாலே அறிவிப்பு வந்துவிடுகிறது.

இரு நிபந்தனைகளையும் 'அன்ட்' இட்டு ஒரே வரியில் எழுதிப் பயன்படுத்துபவர்கள் முழுக் கட்டளையையும் அப்படியே தந்து உதவுவீர்களா? கணு நடத்துபவர்களிடம் இன்னொரு கேள்வி: நீங்கள் 'யூஸர்_டிஃபோல்ட்' என எல்லோருக்கும் பொதுவாக வைத்த வடிகட்டி இருக்கும்போது, பயனர் தாமே அமைத்த வடிகட்டி அதற்கு மேலாக நிற்குமா, அல்லது இரண்டும் சேர்ந்து இயங்குமா?