கோலா, பீர், ஆணிச் செருப்பு: எல்லாம் செய்தும் புல்தரை வெளிறிக்கொண்டே போகிறது

பசும்புல்:
வணக்கம். எங்கள் புல்தரை களிமண். ஒரு காணொளியை நம்பி ஒரு கேன் கோலா, ஒரு கேன் பீர், அரைக் கோப்பை பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் வாளித் தண்ணீரில் கலந்து மூன்று வாரம் தெளித்தேன். அப்புறம் மண்ணில் துளை விழட்டும் என்று, அடியில் ஆணி பதித்த செருப்பை மாட்டிக்கொண்டு தரை முழுக்க நடந்தேன். காபிச் சக்கையும் ஒரு விரல் கனத்துக்குப் போட்டிருக்கிறேன். புல் மஞ்சளாகிறது, தண்ணீர் இறங்காமல் ஓரத்துக்கு ஓடுகிறது. நாய் சிறுநீர் கழித்த இடங்களில் மட்டும் நடுவே கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம். எது தப்பாகப் போனது?

தோட்டக்காரி:
காபிச் சக்கையை முதலில் வாரி எடுங்கள். அவ்வளவு கனமாகப் போட்டால் காய்ந்து ஏடு கட்டிவிடும், தண்ணீர் அதன் மேலேயே வழிந்து போகும். அதைக் கொட்ட வேண்டிய இடம் உரக்குழி.

மண்வெட்டி:
உங்கள் நாய் பாதி பதில் சொல்லிவிட்டது. சிறுநீரில் நைட்ரஜனும் உப்பும் இருக்கின்றன. நடுவில் அளவு மீறி எரித்துவிடுகிறது, ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகிறது. வளையம் மட்டும் இவ்வளவு பளிச்சென்று பச்சையாகத் தெரிகிறதென்றால் மற்ற புல்லெல்லாம் நைட்ரஜனுக்கு ஏங்குகிறது.

கோலாவைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். ஒரு கேனில் 35 கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தற்காலிகமாகத் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பீரில் புல்லுக்கு உதவும் அளவுக்கு எதுவும் இல்லை. எனக்கு உறுத்துவது சோப்புதான். இலையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. கெட்டியான சோப்புத் திரவம் அதைக் கரைத்தால் இலை ஈரத்தை இழந்து காயும்.

ஆணிச் செருப்பு இன்னும் மோசம். ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுகிறது. களிமண்ணில் துளையின் சுவர் இறுகிவிடும். நானும் இரண்டு வருடம் அப்படி நடந்து தரையைக் கெடுத்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இனி எதையும் ஊற்றுவதற்கு முன்னால், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள். என்ன தெரிகிறதென்று அப்படியே எழுதுங்கள்.

பசும்புல்:
எடுத்துப் பார்த்தேன். மேலே காபி ஏடு, உரித்தால் அட்டை மாதிரி வருகிறது. வேர் 3 செ.மீ.தான் இறங்கியிருக்கிறது, அதற்குக் கீழே பச்சைச் செங்கல் போல ஒரே கட்டி. ஒரு ஆணித் துளை சரியாகப் பாதியாகப் பிளந்தது. உள்சுவர் வழவழவென்று மினுங்குகிறது, ஒரு வேர்கூட அதைத் துளைத்துப் போகவில்லை. மண்புழு ஒன்றுகூட இல்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. களிமண் இளக மணல் போடலாமா?

மண்வெட்டி:
மணல் வேண்டவே வேண்டாம். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகாது, இன்னும் கெட்டிப்படும். குழல் முனை உள்ள துளைக்கருவி கிடைக்கும். அது விரல் கனத்தில், 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு மண்ணையே உருவி வெளியே போடும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. புல் நன்றாக வளரும் பருவத்தில் செய்யுங்கள். உருவிய மண்ணை அங்கேயே உதிர விட்டு, சலித்த மக்கிய உரத்தை அரை செ.மீ.க்குப் பரப்பித் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். நைட்ரஜன் உரம் கொஞ்சமாகப் போதும். வெட்டிய புல்லை அள்ளாதீர்கள், அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும். நாய் சிறுநீர் கழித்ததும் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கருகாது.

முதலில் அந்தத் துண்டைக் காய விடாமல் அதே குழியில் வைத்து மிதித்துத் தண்ணீர் விடுங்கள், புல் பிடித்துக்கொள்ளும். வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று அடுத்த பருவத்தில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டிப் பார்க்கலாம்.