மே மாச சனி ஞாயிறு: ஆழியாத்துக் கரையில சும்மா இருக்கறதா, ஊட்டிக்கு ஏறறதா?

நொய்யல்கரையான் (திருப்பூர்):
காலேஜ் கூட்டாளிங்க அஞ்சு பேர் மே மாசம் ஒரு சனி ஞாயிறு சேரலாம்னு பேச்சு. ஒருத்தன் பெங்களூர்ல, ஒருத்தன் கோபியில விவசாயம், மத்த மூணு பேர் இங்கயே பனியன் கம்பெனி. ஆழியாறு பக்கத்துல தண்ணி தெரியற மாதிரி ஒரு காட்டேஜ் பார்த்து வெச்சிருக்கறனுங்க. முன்னால திண்ணை, மாமர நிழல், பின்னால சமையக்கட்டு. சனிக்கிழமை மத்தியானம் வண்டியை நிறுத்துனா ஞாயித்துக்கிழமை பொழுதோடதான் எடுக்கணும், நடுவுல எங்கயும் போகக் கூடாதுங்கறது என் கருத்து. குரூப்புல மத்தவங்க ஊட்டிதான்னு நிக்கறாங்க. போட் ஹவுஸ், பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா, எல்லாம் ரெண்டு நாள்ல. நீங்க என்ன சொல்றீங்க?

மலைரயில் (மேட்டுப்பாளையம்):
ஊட்டிதானுங்க. மே மாசம் பொள்ளாச்சிப் பக்கம் உச்சி வெயில்ல திண்ணையில உக்கார முடியுங்களா? ஃபேன் காத்தே அனலா வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோடையிலயும் 25 டிகிரியைத் தாண்டறது அபூர்வம். ஏரி வேணும்னா 1824ல ஜான் சல்லிவன் வெட்ட ஆரம்பிச்ச ஏரி அங்க இருக்குது. கோடையில ஆழியாறு அணையில தண்ணி எறங்கிக் கெடக்கும்ங்க. தண்ணி பார்க்கறதுக்குன்னு காசு குடுத்துப் போயி வெடிச்ச சேத்தைப் பார்த்துட்டு வருவீங்க. எப்பவாச்சும் சேர்ற கூட்டம் நாலு இடம் பார்த்தாத்தான் அப்பறம் நெனச்சுப் பேசறதுக்கு ஏதாச்சும் இருக்கும்.

நொய்யல்கரையான்:
மலை ஏற்ற வழியைப் பத்திச் சொல்லலீங்களே. கோர்ட் உத்தரவுல 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ். 2025 சீசன்ல வாரநாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு வரம்பே வெச்சாங்க. குன்னூர் வழியா ஏத்தி கோத்தகிரி வழியா எறக்கி விடறாங்க. பாதி சனிக்கிழமை மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டறதுக்குள்ள போயிரும். அதுவும் ரெண்டு கார்ல போனா, அந்தக் கார்ல இருக்கறவன்கூட இந்தக் கார்ல இருக்கறவன் எப்படிப் பேசறது?

காரணம் இன்னொண்ணும் இருக்குதுங்க. பெங்களூர்ல இருக்கறவனோட அப்பா தவறிட்டார். எடுக்கறதுக்குப் போயிட்டு அன்னிக்கே எல்லாரும் கெளம்பி வந்துட்டோம், ஷிப்ட் இருந்துச்சு. அவன்கூட உக்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. அதைப் போட் ஹவுஸ் க்யூவுல நின்னு பேச முடியாதுங்க. அவனா ஆரம்பிக்கணும், அதுக்கு நேரம் சும்மா கெடக்கணும்.

தோட்டத்துக்காரர் (ஆனைமலை):
அணை எறங்கிக் கெடக்கறதை மேட்டுப்பாளையத்துத் தம்பி குறையாச் சொல்றாப்ல. அது எங்க வெள்ளாமைக்குப் போன தண்ணி தம்பி. 120 அடி அணை, அதுல பழைய ஆயக்கட்டு, புது ஆயக்கட்டுன்னு ரெண்டு பாசனப் பரப்புக்கும் விட்டாகணும். பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட ஒப்பந்தப்படி கேரளாவுக்கும் வருசம் 7.25 டி.எம்.சி. போயாகணும். கோடையில கரை வெளிய தெரியறதுன்னா அணை தன் சோலியைச் செஞ்சிருக்குதுன்னு அர்த்தம்.

திருப்பூர்த் தம்பிக்கும் ஒண்ணு சொல்லோணும். தண்ணிக்குள்ள எறங்காதீங்க. மேல காய்ஞ்சு கெட்டியாத் தெரியும், கீழ வண்டல் சேறு, கால் வெச்சா உள்ள வாங்கும். முழங்கால் ஆழம்னு நடப்பீங்க, அடுத்த அடி ஆள் மட்டத்துக்கு மேல இருக்கும். ஊர்க் கெணத்துல நல்லா நீச்சல் அடிக்கறவந்தான் தைரியமா எறங்குவான், அதான் பயமே. அமராவதி அணையில முதலையே இருக்குது, அங்கயும் ஆள் எறங்கி நின்னு போட்டோ எடுக்கறாங்க.

பாட்டில் கொண்டுட்டு வர்றவங்க காலி பாட்டிலைக் கரையில ஒடச்சுட்டுப் போறாங்க. தண்ணி எறங்குன எடத்துலதான் கோடையில மாடு மேயுது. குளம்புல கண்ணாடி ஏறுன மாட்டைப் பார்த்தா உங்களுக்கே மனசு தாங்காது. ஸ்பீக்கரும் வேண்டாமுங்க. ராத்திரியில தண்ணி மேல சத்தம் எதுக்கரை வரைக்கும் போகும்.

மலைரயில்:
அய்யா சொல்றது நெம்பச் சரி, கரை எறங்கறதைப் பத்தி நான் அப்படி யோசிக்கலை. ஆனா தண்ணியில கால்கூட நனைக்கக் கூடாதுன்னா எதுக்குங்க தண்ணிக்கரை? குளிக்கணும்னா கோபி பக்கத்துல கொடிவேரி போங்க. தடுப்பணையில குளிக்க எடம் இருக்கு, பரிசல் இருக்கு, மீன் வறுத்துத் தர்றாங்க. கூட்டாளி ஒருத்தர் கோபியிலயே இருக்கறாரு.

பூங்கொடி (ஈரோடு):
கொடிவேரியில மே மாச ஞாயித்துக்கிழமை நிக்கவே எடம் இருக்காதுங்க. மேல பவானிசாகர் அணையில தண்ணி எச்சா விட்டா உள்ளயே விட மாட்டாங்க. காலையில நேரமே போயிக் குளிச்சுட்டு வரலாம், ரெண்டு நாள் தங்கறதுக்கு ஆகாது.

நான் சும்மா இருக்கற கட்சிதான், ஆனா நொய்யல் அண்ணா சமையக்கட்டுன்னு ஒரே வார்த்தையில தாண்டிட்டாரு. யார் சமைக்கறது? நாங்க தோழிங்க இப்படி ஒரு எடத்துக்குப் போயி மூணு வேளையும் நாமே ஆக்கலாம்னு ஆசையா ஆரம்பிச்சோம். ரெண்டு பேர் அடுப்படியிலயே நின்னாங்க, திண்ணையில நடந்த பேச்சு அவங்களுக்குத் தெரியவே இல்லை. அதுல ஒருத்திக்குத்தான் அந்த ரெண்டு நாள் நெம்பத் தேவையா இருந்துச்சு. ராத்திரிக்கு மட்டும் அரிசியும் பருப்பும் ஒரே குக்கர்ல வெச்சு, நெய்யும் அப்பளமும் எடுத்துக்குங்க. மத்ததெல்லாம் ஆனைமலையிலயோ பொள்ளாச்சியிலயோ வாங்கிக்கலாம். நுங்கும் மாம்பழமும் இருக்கற மாசம், வேற என்ன வேணும்?

வண்டியை எடுக்கவே கூடாதுங்கற சட்டத்தையும் விட்டுருங்கண்ணா. ஒருத்தருக்கு நடக்கணும்போல இருக்கும், ஒருத்தருக்குத் தூக்கம் வரும். அஞ்சு பேரையும் புடிச்சு உக்கார வெச்சா அதுவும் ஒரு டூர் புரோகிராம்தான்.

நொய்யல்கரையான்:
சட்டத்தை எடுத்துக்கறேன் அம்மிணி. சமையல்ல நான் நிக்கறேன், பெங்களூர்க்காரனை உள்ள விட மாட்டேன். ஊட்டிக்கு மட்டும் இன்னும் மனசு வரலை.

மலைரயில்:
அவரோட அப்பா விசயம் கேட்ட பிறகு போட் ஹவுஸை நானும் சொல்ல மாட்டனுங்க. ஆனா வெயில் வெயில்தான். மத்தியானம் பூரா வேர்த்துக் கொட்டிட்டு உக்கார்ந்தா யாருக்கும் பேச்சு வராது. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு எடுத்து அங்கயே சும்மா இருங்க. ஏரி இல்லாட்டிப் போகுது.

தோட்டத்துக்காரர்:
மத்தியான வெயில் நெசந்தான், தூங்கிருங்க. மே கடைசியில வந்தீங்கன்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆரம்பிச்சிரும், பொழுது எறங்கறப்ப திண்ணையில துண்டு போத்திட்டு உக்காரலாம். அதுக்கு முன்னால வந்தா கோடை மழை புடிக்கும். இடி கேட்டா மாமரத்தடியில இருக்காதீங்க, ஊட்டுக்குள்ள போயிருங்க. இருட்டுனப்பறம் நவமலை ரோட்டுப் பக்கம் நடக்கப் போக வேண்டாம், யானை வரும்.