சாமை உமி நீக்கும் இயந்திரம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

குழுவினருக்கு வணக்கம். திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். எங்கள் மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார்கள். அங்குள்ள பெண்கள் சாமையை உமியோடு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அரிசியாக்கினால் கிடைக்கும் விலை அவர்கள் கைக்கு வருவதே இல்லை. உரலில் குத்தி எவ்வளவுதான் விற்க முடியும்?

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று சிறிய இயந்திரம் வாங்க முன்வந்திருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு என்பதால், அதற்கு விண்ணப்பம் தயாரித்து வருகிறோம். தயக்கமெல்லாம் இயந்திரத்தைப் பற்றித்தான். சாமை மிகச் சிறிய தானியம். கேழ்வரகு அரைப்பதுபோல எளிதல்ல. சல்லடை சரியில்லை என்றால் கல்லும் உமியும் அரிசியோடு வரும், குருணையும் கூடும். ஊரில் ஒருமுனை மின்சாரம் மட்டுமே இருக்கிறது. அதில் ஓடும் இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள், நொய் எவ்வளவு விழுகிறது, பழுது பார்க்க ஆள் கிடைக்கிறாரா என்று சொல்லுங்கள். விற்பனையாளர் சொல்வதைவிட, ஓட்டிப் பார்த்தவர் சொல்வதையே நான் நம்புவேன்.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமை அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. எப்படிப் பொதிந்து வைக்கிறீர்கள்? கொல்லிமலைப் பக்கம் இதைச் செய்துவரும் குழுக்களோடு யாருக்காவது பழக்கம் இருந்தால் அறிமுகப்படுத்துங்கள். ஜவ்வாது மலைப் பெண்களை அங்கே நேரில் அழைத்துச் சென்று காட்ட ஏற்பாடு செய்கிறோம்.